“நல்ல வழிக்குக் கொண்டுவாருங்கள்”: டோராவின் 11 வாரங்கள்

ஆலோசனை அறையில் நான் அதிகம் கேட்டிருக்கும் வாக்கியம் இதுதான்: “நீங்கதான் இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லணும்.” அம்மா சொல்வார், அப்பா சொல்வார், சில வேளை அண்ணன் சொல்வார். சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்கள். எதிர் நாற்காலியில் ஒரு பெண் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருப்பாள்.

1900 அக்டோபரில், வியன்னாவின் பெர்க்காஸே தெருவில் 19ஆம் எண் வீட்டுக்கு ஒரு துணி ஆலை அதிபர் தன் மகளை அனுப்பிவைத்தார். “இவளை நல்ல வழிக்குக் கொண்டுவரப் பாருங்கள்” என்று சிக்மண்ட் ஃப்ராய்டிடம் கேட்டுக்கொண்டார். மகளுக்கு 18 வயது நிறையச் சில நாள் இருந்தது. வாரத்துக்கு 6 நாள் வீதம், சுமார் 11 வாரம் சிகிச்சை நடந்தது. டிசம்பர் 31 அன்று அவளே முடித்துக்கொண்டு போய்விட்டாள். 1905இல் இந்தச் சிகிச்சையைப் பற்றி ஃப்ராய்ட் எழுதிய அறிக்கை அச்சில் வந்தபோது ஃப்ராய்ட் அவளுக்கு டோரா என்று பெயர் வைத்திருந்தார்.

ஃப்ராய்ட் உருவாக்கிய உளப்பகுப்பாய்வுக் கோட்பாட்டை (நமக்கே தெரியாமல் மனதுக்குள் அடக்கி வைத்தது கனவிலும் நோயிலும் வெளிப்படும் என்பது அது) கவுன்சலிங்கில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு வரும் இளையவர்களுக்கு நான் டோராவைத்தான் படிக்கக் கொடுப்பேன். என்னிடம் வந்தவர்களின் கதையை எழுத எனக்கு உரிமை இல்லை என்பது ஒரு காரணம். (டோராவிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று ஃப்ராய்டே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். எழுதி முடித்ததை 4 ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டுத்தான் வெளியிட்டார்.) பெரிய காரணம் வேறு. இந்த ஒரே அறையில் கோட்பாடு பல இடங்களில் அபாரமாக வேலை செய்கிறது, ஆனால் வந்த பெண் எழுந்து போய்விடுகிறாள். எங்கே, எப்போது அது நடந்தது என்று பார்ப்பதற்கு இதைவிட விவரமான பதிவு கிடைப்பது அரிது. தோற்றவரே உட்கார்ந்து, ஒளிக்காமல் எழுதியது இது.

வீடு

டோராவின் உண்மைப் பெயர் ஈடா பவர். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது. 1882 நவம்பர் 1 அன்று வியன்னாவில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தாள். ஒரு வயது மூத்த அண்ணன் ஓட்டோ பவர், பின்னாளில் ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைவர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு நாட்டின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். அப்பாவுக்குக் காசநோய். அதற்காகக் குடும்பம் மெரானோ என்ற மலையடிவார ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அறிமுகமானவர்கள்தான் ஃப்ராய்ட் ‘கே.’ என்று குறிப்பிடும் தம்பதி. அப்பா படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டவர் திருமதி கே. பார்த்துக்கொண்டது பழக்கமாகி, பழக்கம் உறவானது. பிள்ளைகளுக்கு அது தெரியும். அப்பாவின் விஷயத்தில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பது அண்ணனின் கட்சி. டோராவால் அப்படி இருக்க முடியவில்லை.

அம்மாவை ஃப்ராய்ட் சந்தித்ததே இல்லை. அப்பாவும் மகளும் சொன்னதை வைத்து, நாள் முழுக்க வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெண் என்று சில வரிகளில் எழுதி, அதற்கு ‘இல்லத்தரசி மனநோய்’ என்று ஒரு பெயரும் ஒட்டிவிட்டார். அதே அறிக்கையில் வேறோர் இடத்தில், அப்பாவின் பால்வினை நோய் அம்மாவுக்கும் தொற்றியிருந்ததாக டோரா நம்பினாள், அது சரியாகத்தான் இருக்கும் என்கிறார். அம்மாவின் சுத்தப் பித்து அந்த அழுக்குக்கு எதிராக எழுந்தது என்று டோராவுக்குப் புரிந்திருந்தது போலும் என்று ஒரு கனவு விளக்கத்தின் நடுவே ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியோடு சரி. கணவன் கொண்டுவந்த நோயோடு வாழும் பெண் எதைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று மகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாவை ஒருமுறையாவது வரச்சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு ஆதங்கமாக இருக்கும். நம்மிடம் வரும் குடும்பங்களிலும் “அம்மா எப்பவும் கத்திக்கிட்டே இருப்பாங்க” என்ற ஒற்றை வரியில் ஒரு மனுஷி முடிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது.

டோராவின் உடம்பு எட்டு வயதிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. முதலில் மூச்சுத்திணறல். பன்னிரண்டு வயது வாக்கில் ஒற்றைத் தலைவலியும் இருமலும். இருமல் வந்தால் மூன்று முதல் ஐந்து வாரம் வரை இழுக்கும். அதன் முதல் பாதியில் குரல் அடியோடு போய்விடும். மின்சாரச் சிகிச்சை, நீர்ச் சிகிச்சை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 17 வயதில் மனத்தளர்ச்சி, அம்மாவோடு ஓயாத சண்டை. ஒருநாள் அவள் மேசையில் சாகப்போவதாக எழுதிய கடிதம் கிடைத்தது. அப்புறம் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் ஃப்ராய்டிடம் அனுப்பினார்கள்.

ஏரிக்கரை

இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, கே.யின் கடையில். தேவாலயத் திருவிழா ஊர்வலத்தைக் கடையிலிருந்து பார்க்கலாம் என்று வரவழைத்து, வேலையாட்களை அனுப்பிவிட்டு, அவளைத் திடீரென்று இழுத்து முத்தமிட்டார் கே. அருவருப்பு தாங்காமல் உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஃப்ராய்டின் கணக்கில் அப்போது அவளுக்கு 14 வயது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது, 1898 கோடையில் ஓர் ஏரிக்கரையில். கே. அவளிடம் ஆசையைச் சொல்ல ஆரம்பித்தார். “என் மனைவியிடம் எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை” என்றார். கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு நடந்தாள். ஃப்ராய்ட் அவள் வயதை 16 என்று எழுதுகிறார். பிறந்த தேதியை வைத்துப் பார்த்தால் 15தான்.

கே. சொன்ன அந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அவர் தன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆசிரியைப் பெண்ணை மயக்கி, பிறகு கைவிட்டார். அந்தப் பெண் இதை டோராவிடம் சொல்லி இரண்டொரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. டோராவின் அப்பாவும் தன் மனைவியைப் பற்றி ஃப்ராய்டிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து டோரா அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னார். கேட்டபோது கே. ஒரேயடியாக மறுத்தார். அந்தப் பெண் காமம் பற்றிய புத்தகங்களைப் படிக்கிறவள், அதிலேயே ஊறி எதையோ கற்பனை செய்கிறாள் என்றார். அந்தப் புத்தக விஷயம் திருமதி கே.க்கு மட்டும்தான் தெரியும். ஒரே அறையில் படுத்து அந்தரங்கமெல்லாம் பேசிய தோழி அவர். அவர் வாயிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். அப்பா கே. பக்கம் நின்றார், ஏரிக்கரை வெறும் கற்பனை என்றார். திருமதி கே.யோடு உறவை முறிக்கச் சொல்லி மகள் கேட்டபடியே இருந்தாள். அதற்குத்தான் “நல்ல வழிக்குக் கொண்டுவாருங்கள்”.

தன்னை கே.யிடம் விலையாகக் கொடுத்துவிட்டார்கள் என்று டோரா நினைத்தாள். அப்பாவும் திருமதி கே.யும் பழகுவதை கே. பொறுத்துக்கொள்வதற்கான விலை. அப்படி யாரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடவில்லைதான். ஆனால் ஒருவர் செய்வதை மற்றவர் கவனிக்காமல் விடுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது என்பதை ஃப்ராய்டும் ஒப்புக்கொள்கிறார். ஏரிக்கரைச் சம்பவம் நிஜம் என்று நம்பிய முதல் பெரியவர் அவர்தான் என்று சொல்லலாம். அதற்கான மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மேலே போனால் உடனே ஒரு கசப்பான பக்கம் வருகிறது. கடையில் முத்தமிட்டபோது ஏற்பட்ட அருவருப்பையே ஃப்ராய்ட் நோயின் அறிகுறி என்றார். ஆரோக்கியமான பெண்ணாக இருந்தால் கிளர்ச்சி வந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அப்பாவின் நண்பர் பொய் சொல்லி வரவழைத்துக் கட்டிப்பிடித்தால் ஒரு சிறுமிக்கு அருவருப்பு வருவதற்கு நனவிலி மனம், அதாவது நமக்கே தெரியாத உள்மனம், வரைக்கும் போக வேண்டியதில்லை. இதே சம்பவம் இன்று நம் ஊரில் 18 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், கனவு, குறியீடு எதற்கும் போகுமுன் ஆலோசகர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தருவது கட்டாயம். தராமல் இருப்பது தண்டனைக்குரியது. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பதில்தான் நம் பயிற்சி எல்லாம் வேலைக்கு வரும்.

சாவிகள்

அக்டோபர் 14 அன்று ஃப்ராய்ட் தன் நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், கைவசம் உள்ள கள்ளச்சாவிகளுக்கு இந்தக் கேஸ் சுலபமாகத் திறக்கிறது என்று எழுதினார். கனவுகளைப் பற்றிய அவரது பெரிய நூல் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. அந்த முறையை ஒரு நோயாளியிடம் செய்துகாட்ட வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. டோரா பற்றிய அறிக்கைக்கு அவர் முதலில் வைத்த தலைப்பே கனவையும் ஹிஸ்டீரியாவையும் (மனத்தின் பாடு உடம்பில் நோயாக வெளிப்படுவதற்கு அன்றைய பெயர்) சேர்த்தது.

சாவிகள் நல்ல சாவிகள்தான். ஒன்றைச் சொல்கிறேன், இதை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். ஒருவர் இன்னொருவர் மேல் ஓயாமல் குற்றம் சாட்டும்போது, அதே குற்றச்சாட்டு தன்மேலும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார் ஃப்ராய்ட். டோரா அப்பாவைக் குற்றம் சாட்டினாள். ஆனால் ஏரிக்கரைக்கு முன்பு பல வருஷம் அவளே அந்த உறவுக்கு ஒத்தாசையாக இருந்திருக்கிறாள். அப்பா கே. வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அங்கே போகமாட்டாள், கே. தம்பதியின் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடப்பாள். கே.யின் பரிசுகளையும் பூக்களையும் வாங்கிக்கொண்டாள். இதைக் கேட்டால் அவளைக் குற்றவாளி ஆக்குவதுபோலத் தோன்றலாம். சரியான நேரத்தில் மெதுவாகக் கேட்டால் பலன் வேறு. எல்லோரும் தன்னை நகர்த்தினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தானும் அங்கே ஓர் ஆளாக இருந்தது தெரியவரும். பின்னால் 1951இல் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் இந்த வழக்கைத் திரும்ப வாசித்தபோது, இந்தத் திருப்பத்தைத்தான் ஃப்ராய்டின் முதல் பெரிய அடியாகப் பாராட்டினார்.

இன்னொரு சாவி, உடம்பின் மொழி. ஏரிக்கரை நடந்து ஒன்பது மாதம் கழித்து டோராவுக்குக் குடல்வால் அழற்சி போல ஒன்று வந்தது, அதிலிருந்து வலது காலை இழுத்து நடந்தாள். ஜெர்மன் மொழியில் கால் இடறுவதற்கும் ஒழுக்கம் தவறுவதற்கும் ஒரே சொல். தமிழிலும் ‘தடுமாறுவது’, ‘வழுக்கி விழுவது’ எல்லாம் காலுக்கும் ஒழுக்கத்துக்கும் பொதுதானே! ஒன்பது மாதம், இழுத்த கால் இரண்டையும் சேர்த்து, ஏரிக்கரையில் தான் இணங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனை உடம்பில் நடந்திருக்கிறது என்றார் ஃப்ராய்ட். இது சரியா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒருவர் எந்தச் சொல்லில் வலியைச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொள்ள இது கற்றுக்கொடுக்கும். “நெஞ்சு அடைக்குது”, “தலை பாரமா இருக்கு”, “தொண்டையில ஏதோ நிக்குது” என்று வருகிறவர்களிடம் அந்தச் சொல்லையே திருப்பிக் கொடுத்து, எது நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குரல் போவதற்கும் அவர் விளக்கம் வைத்திருந்தார். கே. ஊரில் இல்லாத நாட்களும் குரல் போகும் நாட்களும் பொருந்தின. பேச வேண்டிய ஆள் இல்லாதபோது பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது விளக்கம். அழகாக இருக்கிறது. ஆனால் டோரா கே.யைக் காதலித்தாள் என்ற முடிவுக்கு அவர் முன்பே வந்துவிட்டிருந்தார், கிடைத்த ஒவ்வொரு விவரமும் அதில் போய் விழுந்தது. அவள் மறுத்தால்? நனவிலி மனத்துக்கு ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது, மறுப்பு எவ்வளவு பலமோ அடக்கி வைத்ததும் அவ்வளவு பலம் என்றார். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் எதிரே இருப்பவர் பேச இடமே இல்லாமல் போகும்.

முதல் கனவில் அது தெளிவாகத் தெரிகிறது. வீடு தீப்பிடித்து எரிகிறது. அப்பா கட்டிலருகே நின்று எழுப்புகிறார். அம்மா நகைப்பெட்டியை எடுத்துவர வேண்டும் என்கிறார். உன் நகைப்பெட்டிக்காக நானும் என் இரண்டு பிள்ளைகளும் எரிந்துபோவதா என்று அப்பா மறுக்கிறார். இறங்கி வெளியே வந்ததும் விழித்துக்கொள்கிறாள். ஏரிக்கரை நடந்த இடத்தில் அடுத்தடுத்து வந்த கனவு, சிகிச்சையின் போது திரும்ப வந்தது. கே. சற்று முன்புதான் விலை உயர்ந்த நகைப்பெட்டி ஒன்றைப் பரிசளித்திருந்தார். ஃப்ராய்ட், நகைப்பெட்டி என்பது பெண்ணுறுப்பைக் குறிக்கும் வழக்கு என்றார். டோரா பதில் சொன்னாள்: “நீங்கள் அதைச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.” ஃப்ராய்ட் திருப்பினார்: “அதாவது, உனக்கு அது தெரியும்.”

இந்த இரண்டு வரிகளை வகுப்பில் படிக்கும்போது நான் நிறுத்திவிடுவேன். அவள் சொன்னது அவரைப் பற்றி. “நீங்கள் எப்படிப்பட்டவர், எங்கே போவீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது” என்கிறாள். அவர் கேட்டது அவளைப் பற்றி. அறைக்குள்ளே, அந்த நிமிடத்தில், தன்னை நோக்கி வந்த பேச்சை அவர் நகைப்பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.

யாருக்காக

டோராவின் கதையில் ஒரே மாதிரி ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அவளுக்குப் பாடம் சொல்ல வீட்டில் ஒரு ஆசிரியை இருந்தார். அன்பாக இருந்தார், நிறையப் பேசினார். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஆசை அப்பாமேல். அப்பா ஊரில் இல்லாத நாளில் டோராவைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கண்டுபிடித்ததும் டோரா அவரை வேலையை விட்டு அனுப்பவைத்தாள். திருமதி கே. தோழியாக இருந்தார், அதுவும் அப்பாவுக்காக என்று பின்னால் தோன்றியது. கே. பரிசு கொடுத்தார், எதற்கென்று ஏரிக்கரையில் தெரிந்தது. அப்பா கொஞ்சுவார், தன் காரியம் கெடாத வரைக்கும். அவளிடம் அன்பாக வந்தவர்கள் எல்லோருக்கும் வேறு ஏதோ ஒரு தேவை இருந்தது.

அப்புறம் ஃப்ராய்ட் வந்தார். அவருக்கும் ஒரு தேவை இருந்தது, அதை ஃப்ளீஸ் கடிதத்தில் பார்த்தோம்.

டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று வகுப்பில் சொல்லிப் பழகியதை எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னால், ஒருவரிடம் பட்டதை இன்னொருவரிடம் வசூலிப்பது. அப்பாவிடம் இருந்த பயம், கே.யிடம் இருந்த கோபம், ஆசிரியையிடம் வந்த ஏமாற்றம், எல்லாம் புதிதாக வந்த ஆளின் கணக்கில் ஏறும். இதை ஃப்ராய்ட் டோராவிடம்தான் முழுசாகக் கற்றுக்கொண்டார், அவள் போன பிறகு. அறிக்கையின் பின்னுரையில் எழுதுகிறார்: ஆரம்பத்திலிருந்தே நான் அவள் மனதில் அப்பாவின் இடத்தில் இருந்தேன். நான் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறேனா என்று அவள் கவலையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதல் கனவு வந்தபோது, கே.யின் வீட்டை விட்டு ஓடியதுபோல இந்தச் சிகிச்சையை விட்டும் போக வேண்டும் என்று தனக்குத் தானே எச்சரித்துக்கொண்டாள். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், “கே.யிடம் இருந்ததை என்மேல் ஏற்றியிருக்கிறாயா? என்னிடம் அப்படி எதையாவது கவனித்தாயா?” என்று. நேரத்தில் அதைக் கையில் எடுக்கத் தவறிவிட்டேன்.

பெரிய மனதோடு எழுதிய பின்னுரை இது, சந்தேகமில்லை. ஆனால் இதிலும் ஒன்று விடுபடுகிறது. அவள் அவர்மேல் ஏற்றியது எல்லாமே பழைய கணக்கு என்கிறார். பாதி புதிய கணக்கு. அப்பா பணம் கட்டி அனுப்பிய மருத்துவர், அப்பாவின் நோய்க்கு முன்பு வைத்தியம் பார்த்தவர், அப்பாவை முதன்முதலில் அவரிடம் அழைத்துவந்தவரே கே.தான். இப்படிப்பட்டவரிடம் ‘நீங்கள் நேர்மையாக இருக்கிறீர்களா’ என்று ஒரு பெண் சந்தேகப்பட்டால் அதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபரன்ஸ் மட்டும்தானா?

இரண்டு வாரம்

இரண்டாவது கனவில் டோரா தெரியாத ஊரில் நடக்கிறாள். அப்பா இறந்துவிட்டார் என்று அம்மாவின் கடிதம். ரயில் நிலையம் எங்கே என்று நூறு தடவை கேட்கிறாள், ஐந்து நிமிடம் என்ற பதிலே வருகிறது. போய்ச் சேர முடியவில்லை. அந்தக் கனவை இரண்டு அமர்வுகளில் விளக்கி முடித்து ஃப்ராய்ட் திருப்திப்பட்டுக்கொண்டபோது அவள் கேட்டாள்: “அப்படி என்ன பெரிதாக வெளிவந்துவிட்டது?”

அடுத்த அமர்வில் உட்கார்ந்ததும், “டாக்டர், இன்று நான் இங்கே கடைசி முறையாக வந்திருக்கிறேன், தெரியுமா?” என்றாள். எப்போது முடிவெடுத்தாய் என்று கேட்டார். “இரண்டு வாரம் இருக்கும்” என்றாள். வேலையை விடும் வேலைக்காரப் பெண்ணோ ஆசிரியையோ கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே என்றார் ஃப்ராய்ட். அபாரமான காது! அதிலிருந்துதான் கே. வீட்டு ஆசிரியையின் கதையே வெளியே வந்தது. தன்னையும் அந்தப் பெண்போல ஒரு வேலைக்காரியாக கே. நினைத்துவிட்டார் என்ற அவமானம்தான் ஏரிக்கரையில் கன்னத்தில் விட்ட அறைக்குக் காரணம் என்று புரிந்தது. ஆனால் கேட்டதை அவர் மறுபடி ஏரிக்கரைக்கே கொண்டுபோனார். இந்த நோட்டீஸ் யாருக்குக் கொடுக்கப்படுகிறது, இங்கே உனக்கு யார் முதலாளி என்று கேட்கவில்லை. அதற்குப் பதில், கே. உன்னை உண்மையிலேயே மணக்க நினைத்திருக்கலாம், எல்லோருக்கும் அதுவே நல்ல தீர்வாகவும் இருந்திருக்கும் என்ற அளவுக்குப் போனார். அன்று அவள் வழக்கம்போல மறுத்துப் பேசவில்லை. புத்தாண்டு வாழ்த்து சொல்லி அன்பாக விடைபெற்றாள். திரும்ப வரவில்லை.

டோரா என்ற பெயர் தனக்கு எப்படி வந்தது என்று ஃப்ராய்ட் வேறொரு நூலில் சொல்லியிருக்கிறார். அவருடைய தங்கை வீட்டுத் தாதியின் பெயர் ரோஸா. தங்கை பெயரும் அதுவே என்பதால் தாதி தன் சொந்தப் பெயரை விட்டு டோரா ஆனாள். பெயர் தேடியபோது அவருக்கு அந்தத் தாதியின் பெயர்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் அறையில்

நாம் உளப்பகுப்பாய்வாளர்கள் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, எட்டோ பத்தோ அமர்வுகள், சோபாவில் படுக்கவைப்பதும் கிடையாது. அந்த அளவுக்குள் இந்தக் கோட்பாட்டை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

எனக்கு மிகவும் உதவுவது உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன் பிரபலமாக்கிய முக்கோணம். ஒரு முனையில் இப்போது வெளியே இருக்கும் ஆள், இன்னொன்றில் சிறுவயதில் வீட்டில் இருந்த ஆள், மூன்றாவதில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆலோசகர். டோராவுக்கு வரைந்து பாருங்கள்: கே., அப்பா, ஃப்ராய்ட். முதல் இரண்டு முனைகளுக்கு இடையே ஃப்ராய்ட் ஓடிக்கொண்டே இருந்தார், மூன்றாவதற்கு வரவே இல்லை. நம்மில் பலருக்கும் அதுதான் கஷ்டம். “அப்பா உங்களை நம்பவில்லை” என்று சொல்வது சுலபம். “நானும் அப்பா பக்கம்தான் என்று தோன்றுகிறதா?” என்று கேட்கும்போது நமக்கே வயிற்றைப் பிசையும். கேட்டபின் வரும் பதிலைத் தாங்க வேண்டும், அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஆலோசகருக்குள் எழும் உணர்ச்சியைத் தொந்தரவாக நினைக்காமல் வந்தவரைப் புரிந்துகொள்ளும் கருவியாகப் பார்க்கலாம் என்று உளப்பகுப்பாய்வாளர் பாலா ஹைமன் 1950இல் எழுதினார். ஃப்ராய்டுக்கு அப்போது அந்த வசதி இல்லை. திறந்து காட்டுகிறேன் பார் என்ற தன் அவசரத்தை அவர் கவனித்திருந்தால், இந்தப் பெண்ணைச் சுற்றி எல்லோருக்கும் ஏன் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்ற கேள்வி அங்கேயே வந்திருக்கும். நான் ஒரு விளக்கத்தைச் சொல்லத் துடிக்கிறேன் என்று தெரிந்தால், அன்றைக்கு அதைச் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிடுவேன். அடுத்த வாரம் பார்த்தால் பாதி நேரம் வந்தவரே அதை வேறு சொல்லில் சொல்லிவிடுவார்.

அப்புறம், கொண்டுவந்து விட்டவர். முதல் அமர்விலேயே, அவரையும் வைத்துக்கொண்டே, அவர் கேட்டது என்ன, நான் செய்யக்கூடியது என்ன, இங்கே பேசுவதில் எது வெளியே வரும், எது வராது என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை, வேறு இடம் பார்க்கிறார்கள். பரவாயில்லை. எதிரே இருக்கும் பிள்ளை அப்போதுதான் முதன்முறை தலையை நிமிர்த்துகிறது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் 1960களின் தொடக்கத்தில் இந்த வழக்கைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். வளரிளம் பருவத்தில் இருக்கும் ஒருத்திக்கு, நடந்தது நடந்ததுதான் என்று சம்பந்தப்பட்ட பெரியவர்கள் ஒப்புக்கொள்வது உயிர்த்தேவை என்றார் அவர். ஃப்ராய்ட் உள்ளே இருந்த உண்மையைத் தேடினார். டோராவுக்கு முதலில் வெளியே இருந்த உண்மை வேண்டியிருந்தது.

அதை அவளே போய் வாங்கிவந்தாள். 1901 மே மாதம் கே. தம்பதியின் குழந்தை ஒன்று இறந்தபோது துக்கம் கேட்கப் போனாள். அங்கே திருமதி கே.யிடம், உங்களுக்கும் என் அப்பாவுக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும் என்றாள். அவர் மறுக்கவில்லை. கே.யை ஏரிக்கரையில் நடந்ததை ஒப்புக்கொள்ளவைத்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னாள். 1902 ஏப்ரல் 1 அன்று ஃப்ராய்டைப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் அவரிடமும் சொன்னாள். முகத்தின் வலது பக்கம் நரம்பு வலி என்றாள். எப்போதிலிருந்து? சரியாக இரண்டு வாரமாக. அவர் புன்னகைத்தார். சரியாக இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவருக்குப் பேராசிரியர் பட்டம் கிடைத்த செய்தி நாளிதழில் வந்திருந்தது. வலி, கே.யை அறைந்ததற்கும் தன்னை விட்டுப் போனதற்கும் அவள் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று விளக்கம் சொன்னார். அவள் என்ன உதவி கேட்க வந்தாளோ தெரியவில்லை, நான் அவளை மன்னிப்பதாகச் சொல்லி அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறார்.

1922இல் வியன்னாவில் ஃபீலிக்ஸ் டாய்ச் என்ற மருத்துவரை ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். நாற்பது வயதுப் பெண், திருமணமாகி வளர்ந்த மகன் இருப்பவர், காதில் இரைச்சலும் தலைச்சுற்றலும் தாங்காமல் படுக்கையில் இருந்தார். கணவரைப் பற்றி, மகன் இரவில் வீடு திரும்பும் சத்தத்துக்காகத் தூங்காமல் காத்திருப்பதைப் பற்றி, அப்பாவைப் பற்றி நிறையப் பேசினார். பேச்சின் நடுவே நிறுத்தி, நீங்கள் உளப்பகுப்பாய்வாளரா, பேராசிரியர் ஃப்ராய்டைத் தெரியுமா என்று கேட்டார். உங்களுக்கு அவரைத் தெரியுமா என்று டாய்ச் திருப்பிக் கேட்டார். அதற்காகவே காத்திருந்ததுபோல அவர் சட்டென்று சொன்னார், தான்தான் டோரா என்று. அதற்குப் பிறகு எந்த மனநல மருத்துவரிடமும் போகவில்லை என்றும் சொன்னார்.